மயக்கத்தில் இறுக்கிய கை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர் ஒருநாள் அறுவை மேசையில் தானே ஏறிப் படுத்துக்கொண்டார். அவருக்கு நோய் எதுவும் இல்லை. உடன் வேலை பார்த்த மருத்துவர்கள் அவர் கேட்டுக்கொண்டபடி க்யூராரே மருந்தை ஏற்றினார்கள். தென்னமெரிக்கப் பழங்குடி வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவும் நஞ்சிலிருந்து எடுத்த மருந்து அது. தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திச் செயலற்றவையாக்கும். முதலில் பேச்சு போனது. பிறகு தலையசைப்பு போனது. இடப்புருவத்தை மட்டும் இலேசாக அசைத்துக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். சற்று நேரத்தில் அதுவும் நின்றது. மூச்சுத் தசைகளை முடக்க எவ்வளவு மருந்து போதுமோ அதைப்போல் இரண்டரை மடங்கு அவர் உடலில் ஏறியிருந்தது. சுற்றி நின்றவர்கள் செயற்கையாக மூச்சுக் கொடுத்து அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

பார்ப்பவர் கண்ணுக்கு அவர் ஆழ்ந்த மயக்கத்தில் கிடந்தார். உள்ளே அவர் முழுதாக விழித்திருந்தார். ஊசியால் குத்தியது வலித்தது, பக்கத்தில் பேசியது கேட்டது, தொண்டையில் சேர்ந்த எச்சிலை விழுங்க முடியாமல் மூச்சு முட்டியது. மருந்தின் வேகம் அடங்கியதும் அத்தனையையும் வரிசையாகச் சொன்னார். 1947இல் இது ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. க்யூராரே வலியையும் மறக்கச் செய்யும், ஆளையும் மயக்கும் என்று சில மருத்துவர்கள் அதுவரை நம்பிவந்தார்கள். அது உடலைப் பூட்டுகிறது, மனத்தைத் தொடுவதில்லை என்று ஸ்மித் தன் உடலைக் கொடுத்துக் காட்டினார்.

அறுவை சிகிச்சைக்குப் போய்வந்தவர்கள் "மயக்க ஊசி போட்டாங்க, அப்புறம் ஒண்ணும் தெரியல" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் மூன்று நான்கு மருந்துகள் இருக்கின்றன. நினைவை இழக்க வைப்பது ஒன்று. வலியை அடக்குவது ஒன்று. தசையைத் தளர்த்துவது இன்னொன்று. கனடாவின் மான்ட்ரியலில் ஹரால்ட் கிரிஃபித் 1942இல் க்யூராரேயை அறுவை அறைக்குக் கொண்டுவந்ததற்குப் பிறகு இந்தக் கூட்டுமுறை உலகெங்கும் பரவியது. ஒவ்வொரு மருந்தும் தன் வேலையை மட்டும் செய்கிறது. ஒன்று சரியாக வேலை செய்யும்போதே மற்றொன்று போதாமல் போகலாம். மனிதனின் விழிப்புணர்வைப் பற்றி மயக்க மருந்து சொல்லும் முதல் செய்தி இங்கேதான் இருக்கிறது. அசைவு, வலி, அறிவு, ஞாபகம் என்று ஒரே கயிறாக நாம் எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் பல புரிகள். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியும்.

இந்தத் துறை பிறந்த நாட்களிலேயே அதற்கான சாட்சி இருந்தது. 1845 ஜனவரியில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், பாஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்கள் முன்னால், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைக் கொடுத்து ஒருவருக்குப் பல் பிடுங்கினார். வாயுப் பையைச் சற்று முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். நோயாளி கத்தினார். கூடியிருந்தவர்கள் ஏமாற்று வேலை என்று கூச்சலிட்டார்கள். வழக்கமாக இருக்கும் அளவுக்கு வலி இல்லை என்று அந்த நோயாளி பிற்பாடு சொன்னது அவர்கள் காதில் ஏறவில்லை. வெல்ஸ் அந்த அவமானத்திலிருந்து மீளாமல் 1848இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அதே நகரில் 1846 அக்டோபர் 16ஆம் நாள், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுக்க, ஜான் காலின்ஸ் வாரன் என்ற மூத்த அறுவை மருத்துவர் கில்பர்ட் அபாட் என்பவரின் கழுத்துக் கட்டியை அறுத்தார். அபாட் அமைதியாகக் கிடந்தார். உலக மயக்கவியல் நாளாக இன்றும் கொண்டாடப்படும் நாள் அது. அபாட் பின்னர் வாரனிடம் சொன்னதை மட்டும் பெரும்பாலான வரலாறுகள் விட்டுவிடுகின்றன. வலி தெரியவில்லை, ஆனால் அறுவை நடந்துகொண்டிருந்தது தெரிந்தது என்றார் அவர். கழுத்தை யாரோ சுரண்டியதுபோல் இருந்ததாம். ஆக, தோல்வி என்று பதிவான நிகழ்ச்சியில் உடல் கத்தியது, வலி குறைந்திருந்தது. வெற்றி என்று பதிவான நிகழ்ச்சியில் உடல் அடங்கியிருந்தது, அறிவு விழித்திருந்தது. பார்த்தவர்கள் இரண்டையும் வெளியே தெரிந்த உடலை வைத்தே எடைபோட்டார்கள்.

தமிழில் இங்கே ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கிறது. 'நினைவு தப்பிவிட்டது' என்றால் சுயவுணர்வு போய்விட்டது என்று பொருள். 'நினைவில்லை' என்றால் மறந்துவிட்டது என்று பொருள். இரண்டுக்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். அன்றாட வாழ்வில் இதனால் குழப்பம் வருவதில்லை. அறுவை அறையில் வருகிறது. ஒருவருக்குப் பின்னால் ஞாபகம் இல்லை என்பதால், அந்த நேரத்தில் அவருக்கு உணர்வே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

எண்டோஸ்கோப்பி செய்துகொண்டவர்களின் வீட்டாருக்கு இதன் விடை ஓரளவு தெரியும். மிடசோலம் என்ற மருந்தை ஏற்றியவுடன் நோயாளி அரைத் தூக்கத்தில் இருப்பார். "வாயைத் திறங்க" என்றால் திறப்பார், திரும்பிப் படுக்கச் சொன்னால் படுப்பார், சில கேள்விகளுக்குப் பதிலும் சொல்வார். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் குழாயை உள்ளே விட்டார்களா என்றே தெரியாது என்பார். அந்த நிமிடங்களில் அங்கே ஒருவர் இருந்தார், கேட்டார், இணங்கினார். அந்த நிமிடங்களை எழுதி வைக்க வேண்டிய ஏட்டில் மட்டும் மை இல்லை.

முழு மயக்கத்திலும் இப்படி நடக்குமா என்று சோதிக்க, ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர மருத்துவர் மைக்கேல் டன்ஸ்டால் 1977இல் எளிய வழி ஒன்றைச் சொன்னார். தசை தளர்த்தும் மருந்தை ஏற்றுவதற்கு முன்பே, ஒரு கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கட்டி இறுக்கிக் காற்றடித்துவிட வேண்டும். இரத்தம் அந்தப் பக்கம் ஓடாததால் மருந்தும் அந்தக் கையை எட்டாது. உடல் முழுவதும் செயலற்றுப் போனாலும் அந்த ஒரு கை தப்பித்துக்கொள்ளும். பிறகு நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, பெயர் சொல்லி அழைத்து, "நான் பேசுவது கேட்டால் என் கையை இறுக்குங்கள்" என்று சொல்ல வேண்டும்.

சிலர் இறுக்கினார்கள்.

பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், மூச்சுக்குழாய் செருகிய சற்று நேரத்தில் 260 நோயாளிகளில் 12 பேர் கையை இறுக்கிப் பதில் தந்தார்கள். வலிக்கிறதா, வலித்தால் இன்னொரு முறை இறுக்குங்கள் என்றபோது அந்த 12 பேரில் 5 பேர் மறுபடி இறுக்கினார்கள். 18 முதல் 40 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்துச் செய்து 2023இல் வெளியான ஆய்வில் 338 பேரில் 37 பேர் பதில் தந்தார்கள். ஒன்பது பேருக்கு ஒருவர். ஆண்களைவிடப் பெண்களிடம் இந்த விகிதம் கூடுதலாக இருந்தது. 2017 ஆய்வில் கையை இறுக்கிய எவருக்கும் எழுந்த பிறகு அது ஞாபகமில்லை.

இந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணிக்கையையும் வைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து அரசு மருத்துவமனைகளை எல்லாம் உள்ளடக்கி 2014இல் வெளிவந்த பெரிய தணிக்கை ஒன்று, மயக்கத்தின் இடையே விழித்திருந்ததாகத் தாமாகவே முன்வந்து சொன்னவர்களைக் கணக்கெடுத்தது. ஏறக்குறைய 19,000 அறுவைகளுக்கு ஒருவர். தசை தளர்த்தும் மருந்து கொடுத்த அறுவைகளில் சுமார் 8,000க்கு ஒருவர். அந்த மருந்து கொடுக்காதவற்றில் 1,36,000க்கு ஒருவர். முழு மயக்கம் கொடுத்துச் செய்த சிசேரியனில் 670க்கு ஒருவர். நம் ஊரில் சிசேரியன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டுத்தான் செய்யப்படுகிறது என்பது இங்கே ஆறுதலான செய்தி.

ஒன்பதுக்கு ஒன்று எங்கே, பத்தொன்பதாயிரத்துக்கு ஒன்று எங்கே? முதல் எண் அந்த நேரத்தில் பதில் தந்தவர்களுடையது. இரண்டாம் எண் பிற்பாடு ஞாபகம் இருந்து வாய்திறந்து சொன்னவர்களுடையது. விழிப்புணர்வு வேறு, ஞாபகம் வேறு என்பதை இந்த இடைவெளியைவிட அழுத்தமாக எந்தத் தத்துவ நூலும் காட்டிவிட முடியாது. கையை இறுக்கியவர்களைப் பற்றி இன்னொரு வியப்பும் உண்டு. கட்டுப்படாத அந்தக் கையைக் கொண்டு அவர்கள் தாமாக எதுவும் செய்யவில்லை. சைகை காட்டவில்லை, குழாயைப் பிடித்து இழுக்கவில்லை. கேட்டால் பதில், கேட்காவிட்டால் அமைதி. பிரிட்டிஷ் தணிக்கைக்குத் தலைமை தாங்கிய ஜெய்தீப் பண்டிட், விழிப்பும் மயக்கமும் அல்லாத மூன்றாவது நிலை ஒன்று உண்டு என்கிறார். கேட்கிறது, புரிகிறது, ஆனால் நடப்பது தனக்குத்தான் நடக்கிறது என்ற ஒட்டுதல் இல்லை. தன்னுணர்வின் உள்ளேயே 'கேட்கும் நான்', 'வருந்தும் நான்' என்று அடுக்குகள் இருக்கலாம் என்பதற்கு இது தடயம்.

இதைப் படித்துவிட்டு அறுவைக்குப் போக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. பதில் வந்தது பெரும்பாலும் மயக்கம் கொடுக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில், மூச்சுக்குழாய் செருகப்படும் கட்டத்தில். மருந்தளவை உயர்த்தினால் அந்த நிலை கடந்துவிடும். அஞ்ச வேண்டியது வேறொன்று. குடிப்பழக்கத்தையும் தினமும் விழுங்கும் தூக்க மாத்திரையையும், கூட வந்த உறவினர் முன்னால் சொல்லக் கூச்சப்பட்டு மயக்க மருத்துவரிடம் மறைப்பதுதான் அது. அந்த உண்மை தெரிந்தால்தான் அவர் மருந்தளவைச் சரியாக முடிவு செய்ய முடியும்.

மயக்க மருந்து மூளையில் என்னதான் செய்கிறது? 170 ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தியும் இந்தக் கேள்வி முழுதாகத் தீரவில்லை. ஜெர்மனியில் ஹான்ஸ் மேயர் 1899இலும், ஸூரிக்கில் சார்ல்ஸ் ஓவர்ட்டன் 1901இலும் ஒரே உண்மையைத் தனித்தனியாகக் கண்டார்கள். ஒரு பொருள் ஆலிவ் எண்ணெயில் எவ்வளவு எளிதாகக் கரைகிறதோ அவ்வளவு வலுவாக மயக்கும். நரம்பணுவின் கொழுப்புச் சவ்வில் மருந்து கரைந்து வேலை செய்கிறது என்று பல பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 1984இல் லண்டனைச் சேர்ந்த நிக்கலஸ் ஃபிராங்ஸும் வில்லியம் லீபும் மின்மினிப் பூச்சியை ஒளிரவைக்கும் புரதத்தை எடுத்துச் சோதித்தார்கள். அதில் கொழுப்பே இல்லை. மயக்க மருந்துகளைச் சேர்த்ததும் அதன் ஒளி மங்கியது. எந்த மருந்து மனிதனை எவ்வளவு வலுவாக மயக்குமோ, ஏறக்குறைய அதே வலுவில் மங்கியது. ஆராய்ச்சியின் கவனம் புரதத்தின் பக்கம் திரும்பியது.

அதற்கும் முன்னால், 1870களில், பாரிஸில் க்ளாட் பெர்னார்ட் தொட்டாற்சுருங்கிச் செடியைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து ஈதர் ஆவியைப் பரவவிட்டார். செடி சுருங்கவில்லை. கூட்டை எடுத்துக் காற்று பட்டதும் பழையபடி சுருங்கத் தொடங்கியது. நரம்பே இல்லாத செடியையும் ஈதர் அடக்குகிறது. செனான் என்ற வாயுவோ வேறு எதனுடனும் எளிதில் சேராத தனிப்பிறவி. அதுவும் மனிதனை மயக்குகிறது. மருந்து எந்த வழியில் போனாலும் முடிவில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதுதான் விந்தை.

இன்று பெரும்பாலான அறுவை அறைகளில் பால்போல் வெண்மையாக ஒரு மருந்து கையின் இரத்தக்குழாயில் ஏறுகிறது. புரோபோஃபால். கால்நடை மருத்துவரான ஜான் கிளென் முன்னின்று உருவாக்கிய இந்த மருந்துக்காக அவருக்கு 2018இல் லாஸ்கர் விருது கிடைத்தது. மூளையில் நரம்பணுக்களின் துடிப்பைத் தணிக்கும் காபா என்ற வேதிப்பொருளின் கையை இது வலுப்படுத்துகிறது. எண்களை எண்ணச் சொன்னால் சிறிது நேரத்திலேயே எண்ணுவது நின்றுவிடும்.

அப்போது மூளை அணைந்துவிடுவதில்லை. இது பலரும் எதிர்பாராத செய்தி. தலைத்தோலின் மேல் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தால் மூளை விழித்திருந்தபோது இருந்ததைவிடப் பெரிய அலைகளை எழுப்பிக்கொண்டிருக்கும். காதிலிருந்து வரும் ஒலி மூளையின் கேட்கும் பகுதியை எட்டிக்கொண்டுதான் இருக்கும். கல்யாண வீட்டு மேளக்கச்சேரியை நினைத்துக்கொள்ளலாம். நாகஸ்வரம் ஒரு பக்கம் ராகத்தை விரிக்கும், தவில் அதற்குக் கேள்வியும் பதிலுமாகப் போகும், ஒத்து விடாமல் சுருதி பிடிக்கும், தாளம் கணக்கைக் காக்கும். ஒவ்வொருவரும் மற்றவரைக் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார்கள். இவர்கள் அனைவரும் ராகத்தையும் பேச்சையும் விட்டுவிட்டு, ஒரே அடியை மெதுவாக, உரக்க, திரும்பத் திரும்ப அடித்தால் எப்படி இருக்கும்? ஓசை குறைந்திருக்காது. கச்சேரி நின்றிருக்கும். அமெரிக்காவின் எமரி பிரௌன் குழுவினர் புரோபோஃபால் மயக்கத்தில் கண்டது இத்தகைய மெதுவான, ஒரேமாதிரி அலைகளை. மூளையின் பகுதிகள் உயிரோடு இருக்கின்றன, ஒன்றோடொன்று பேசுவதற்கான வாய்ப்பை அந்த அலைகள் அடைத்துவிடுகின்றன.

இத்தாலியின் மிலான் நகரில் மார்செல்லோ மஸ்ஸிமினியும் அவருடைய கூட்டாளிகளும் இதை எண்ணாகவே மாற்றிக்காட்டினார்கள். காந்தத் துடிப்பு ஒன்றால் மூளையை வெளியிலிருந்து தட்டுவது, எழும் எதிரொலியைப் பதிவது, அது எவ்வளவு சிக்கலானது என்று கணிப்பது. இதற்கான கணக்குமுறை 2013இல் வெளியானது. விழித்திருப்பவரின் மூளையில் எதிரொலி பல இடங்களுக்கும் பரவி, இடத்துக்கு இடம் வேறுபட்டு ஒலிக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திலும் புரோபோஃபால் மயக்கத்திலும் தட்டிய இடத்திலேயே எழுந்து அடங்கிவிடுகிறது, அல்லது எங்கும் ஒரேமாதிரி பரவுகிறது.

பிறகு 2015இல் அவர்கள் மூன்று மருந்துகளை ஒப்பிட்டார்கள். புரோபோஃபாலும் செனானும் எண்ணைக் கீழே இறக்கின. கெட்டமின் இறக்கவில்லை. கெட்டமின் வாங்கியவரும் அசையாமல்தான் கிடந்தார், கூப்பிட்டால் பதில் தரவில்லை. ஆனால் அவர் மூளை விழித்திருப்பவரின் மூளைபோலவே எதிரொலித்தது. எழுந்த பிறகு கேட்டால், உடலை விட்டு மிதந்ததாகவும் விசித்திரமான காட்சிகளைக் கண்டதாகவும் சொன்னார்கள். வெளியே கதவு சாத்தியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. 1960களில் முதன்முதலாக மனிதர்களுக்குக் கெட்டமின் கொடுத்துப் பார்த்த எட்வர்ட் டொமினோ இந்த நிலைக்கென்றே உடலிலிருந்து 'துண்டிக்கப்பட்ட' மயக்கம் என்று தனிப்பெயர் வைக்க நேர்ந்தது இதனால்தான்.

"தூங்க வைக்கிறோம்" என்று மருத்துவர்கள் ஆறுதலுக்காகச் சொல்வதுண்டு. எமரி பிரௌன், ரால்ஃப் லிடிக், நிக்கலஸ் ஷிஃப் மூவரும் 2010இல் எழுதிய கட்டுரை இதை மறுத்தது. முழு மயக்கம் மருந்தால் வரவழைத்து மருந்தை நிறுத்தி மீட்கக்கூடிய கோமா என்றார்கள் அவர்கள். தூங்குபவரை உலுக்கினால் எழுவார், அறுத்தால் அலறி எழுவார். தூங்கி எழுந்தவருக்கு நேரம் கடந்தது மங்கலாகவாவது தெரியும். அறுவை முடிந்து கண் விழிப்பவர் பலர் "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு நான்கு மணி நேரம் இல்லாமலே போயிருக்கும். நியூசிலாந்து ஆய்வாளர்கள் தேனீக்களைப் பகலில் ஆறு மணி நேரம் மயக்கி வைத்துப் பார்த்து 2012இல் எழுதினார்கள். எழுந்த தேனீக்கள் சூரியனை வைத்துத் திசை கணிப்பதில் பிசகின. அவற்றின் உடல் கடிகாரமே பின்தங்கியிருந்தது.

மீண்டு வரும் வழியும் எதிர்பார்த்தபடி இல்லை. உடல்நலமுள்ள 30 தன்னார்வலர்களை மூன்று மணி நேரம் மயக்கத்தில் வைத்து, எழுந்ததும் சோதனைகள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. எளிய வேலைகளுக்கான திறன் முதலில் திரும்பும், சிந்திக்கும் திறன் கடைசியில் வரும் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள். நடந்தது தலைகீழ். பகுத்துச் சிந்திக்கும் திறன்தான் முன்னதாகத் திரும்பியவற்றில் ஒன்று. வேகமும் கவனமும் பின்னால் வந்தன. விழிப்பு விளக்கின் பொத்தானைத் தட்டியதுபோல் வருவதில்லை. ஊருக்குத் திரும்பும் குடும்பம்போல் ஒவ்வொருவராக வந்து சேர்கிறது.

இவ்வளவு அறிவு சேர்ந்த பிறகும், படுத்திருப்பவரின் உள்ளே யாராவது இருக்கிறாரா என்று காட்டும் கருவி ஒன்றுகூட முழு நம்பிக்கைக்குரியதாக இல்லை. நெற்றியில் பட்டை ஒட்டி 0 முதல் 100 வரை எண் காட்டும் கருவி பல மருத்துவமனைகளில் இருக்கிறது. 40 முதல் 60 வரை இருந்தால் போதிய மயக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 10 தன்னார்வலர்களுக்கு மயக்க மருந்தே கொடுக்காமல் தசை தளர்த்தும் மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்காட் ஸ்மித் செய்ததைப் போலவேதான். அவர்கள் முழு விழிப்பில் இருந்தார்கள். கருவியின் எண்ணோ பலருக்கு 60க்குக் கீழே இறங்கியது. அந்தக் கருவி நெற்றித் தசையின் துடிப்பையும் சேர்த்தே கணக்கிட்டுக்கொண்டிருந்தது. 2015இல் இது வெளியானது. கருவி வேண்டாம் என்பது இதன் பொருளல்ல. கருவியைப் பார்த்துக்கொண்டு நோயாளியைப் பாராமல் இருந்துவிடக் கூடாது என்பதே.

அசையவில்லை, பேசவில்லை, ஞாபகமில்லை என்பதை எல்லாம் வைத்து 'உணர்வில்லை' என்று முடிவுகட்டியதன் கொடுமையை அதிகம் தாங்கியவர்கள் பச்சிளம் குழந்தைகள். குறைமாதக் குழந்தைக்கு வலி தெரியாது, தெரிந்தாலும் நினைவிருக்காது என்ற நம்பிக்கையில் 1980கள் வரை பல நாடுகளில் அவர்களுக்குத் தசை தளர்த்தும் மருந்தையும் நைட்ரஸ் ஆக்சைடையும் மட்டும் கொடுத்து நெஞ்சை அறுத்தார்கள். இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த், அறுவை முடிந்து திரும்பும் குழந்தைகளின் நிலையைப் பார்த்து மனம் பொறுக்காமல் ஆய்வில் இறங்கினார். 1987இல் அவருடைய முடிவுகள் வெளியாயின. ஃபென்டானில் என்ற வலிநீக்கியும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகளின் இரத்தத்தில் அதிர்ச்சியைக் காட்டும் சுரப்புகள் குறைந்திருந்தன. அறுவைக்குப் பின் வந்த சிக்கல்களும் குறைந்திருந்தன. உலகம் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. அந்தக் குழந்தைகளில் ஒருவர்கூட வந்து புகார் சொல்ல முடியாது என்பதுதான் அதுவரை அந்த வழக்கத்தைக் காப்பாற்றி வந்தது.

அதே தவறு படுக்கையில் கிடக்கும் பெரியவர்களிடமும் நடக்கிறது. 2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன், சாலை விபத்துக்குப் பின் எதற்கும் பதில் தராமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். உடல்நலமுள்ளவர்களின் மூளையில் எந்தப் பகுதி வேலை செய்யுமோ அதே பகுதி அவருக்கும் வேலை செய்தது. கட்டளைக்கு உடலால் எந்தப் பதிலும் தராத 241 நோயாளிகளை ஆராய்ந்து 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், 60 பேரின் மூளை கட்டளைக்குப் பதில் தந்தது. நாலில் ஒருவர்.

இதற்கெல்லாம் பெரிய செலவு பிடிக்கும் தீர்வு வேண்டியதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டிலோரம் நின்று "இவருக்கு இனி ஒண்ணும் தேறாது" என்று உரக்கப் பேசாமல் இருக்கலாம். மயங்கிக் கிடப்பவரின் உடலைப் பற்றி அறுவை அறையில் கேலி பேசாமல் இருக்கலாம். ஜெர்மனியின் ஐந்து மருத்துவமனைகளில் 385 நோயாளிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. முழு மயக்கத்தில் இருந்த பாதிப் பேருக்குக் காதொலிக் கருவி வழியாக ஆறுதலான வார்த்தைகளும் இசையும் கேட்கச் செய்தார்கள். எழுந்த பின் அவர்களுக்கு வலி குறைவாக இருந்தது, வலிமருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. கேட்காது என்று நாம் நினைக்கும் காதில் விழுந்த சொல் உடலில் வேலை செய்திருக்கிறது.

இன்னொன்றும் செய்யலாம். அறுவைக்கு முந்தைய நாள் மயக்க மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது வழக்கம். அறுவைக்கு மறுநாளும் பார்க்க வேண்டும். 1970இல் பிரைஸ் என்பவரும் கூட்டாளிகளும் வகுத்த எளிய கேள்விகள் இருக்கின்றன. மயங்குவதற்கு முன் கடைசியாக எது நினைவிருக்கிறது, எழுந்ததும் முதலில் எது நினைவிருக்கிறது, நடுவில் ஏதாவது நினைவிருக்கிறதா, கனவு வந்ததா, எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது எது. கேட்பதற்கு இரண்டு நிமிடம் போதும். நெரிசல் மிகுந்த வார்டில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பது எளிதல்ல என்பது உண்மை. ஆனால் யாரும் கேட்காவிட்டால் நோயாளி சொல்ல மாட்டார். சொன்னால் "கனவு கண்டிருப்பீங்க" என்பார்கள் என்று அவருக்குத் தெரியும். இருட்டைக் கண்டால் நடுங்குவதும், படுத்தால் மூச்சு முட்டுவதும் ஏன் என்று வீட்டாருக்கும் விளங்காது.

பிரிட்டிஷ் தணிக்கைக்கு வந்த அறிக்கைகளில் பல, அறுவை முடிந்து ஆண்டுகள் பல கடந்த பிறகு வந்தவை. தங்களிடம் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும்தான் அவர்கள் வந்து சொன்னார்கள். அவர்களில் ஒருவர் தன் மயக்கத்தின் நடுவே நடந்ததை முதல்முறையாக மருத்துவர்களிடம் சொன்னபோது, அந்த அறுவை நடந்து 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.